எட்டாம் நெம்பர் வீட்டு அரசாணி மஞ்சள்

எங்க காம்பவுண்டுல எட்டு வீடு. எட்டும் ஒரே வரிசை, எட்டுக்கும் ஒரே கொழா, ஒரே வாசல், ஓனர் ராக்கியப்பன் வருசா வருசம் மாரியம்மன் நோம்பிக்கு முன்னால அடிச்சு உடற ஒரே வெள்ளச் சுண்ணாம்பு. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறவங்க குடியிருக்கற காம்பவுண்டு எல்லாம் இப்படித்தான் இருக்கும், அதுல சொல்ல ஒண்ணுமில்லீங்க. சொல்றதுக்கு இருக்கறது என்னன்னா, மூணாம் நெம்பர் சுகுணா அவ பையன் தர்ஷித்துக்கு ஆறு மாசம் முடிஞ்ச மறுநாள், கேரட்டை இட்லிச் சட்டியில வெச்சு ஆவி கட்டி, டீ வடிகட்டியில தேச்செடுத்து, சொட்டு நெய் உட்டு மொதல் வாய் குடுத்தா பாருங்க, அந்தக் கிண்ணத்தக் கழுவிக் கவுக்கறதுக்குள்ள அவ வீட்டு முன்செவுரு பூரா கேரட் நெறத்துக்குப் போயிருந்துச்சு.

யாரும் கத்தல, கும்புடல. அஞ்சாம் நெம்பர் கோமதிதான், "சுகுணாக்கா, சாக்கடைப் பக்கம் ஒரு கை உட்டுப் போச்சு பாருங்க"ன்னா. சாயங்காலம் ஓனர் வந்து, "யாரக் கேட்டு பெயிண்ட் அடிச்சீங்க?"ன்னு குதிச்சாரு. "பெயிண்ட் இல்லீங்க, கேரட்டுங்க"ன்னு சுகுணா சொல்ல, அவரு நகத்துல சொரண்டி, மோந்து, நாக்குல வெச்சுப் பாத்து, கேரட்டுத்தான்னு ஒத்துக்கிட்டு, "அடுத்த தடவை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க"ன்னு சொல்லிப்போட்டு வண்டியக் கெளப்பிட்டாரு. மறுநாள் ஆளு உட்டு மேல வெள்ளையடிச்சாரு. பொழுது சாயறப்ப அந்த வெள்ளை பாலாடையாட்டம் உரிஞ்சு கீழ கெடந்துச்சு, கேரட் அப்படியே நின்னுச்சு.

அந்த வருசம் எங்க காம்பவுண்டுல நாலு கைக்கொழந்தைங்க. ஒண்ணொண்ணா ஆறு மாசம் முடிய முடிய, பீன்ஸ் தின்ன வீடு பச்சையாச்சு, சக்கரவள்ளி தின்ன வீடு வெளுத்த மஞ்சளாச்சு. மூணு நாளைக்கு ஒரே காய், ஒடம்புக்குச் சேருதான்னு பாத்துட்டுத்தான் அடுத்த காய்னு மாசா மாசம் எடை போட வர்ற நர்சம்மா சொல்லியிருந்ததால செவுரும் மூணு நாளைக்கு ஒருக்கா நெறம் மாறுச்சு. பீட்ரூட் குடுத்த அன்னைக்கு ரோட்டுல போன போலீஸ்காரர் ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டு லத்தியோட உள்ள வந்து, கொழந்தை கழுத்துத் துணியப் பாத்துட்டுச் சிரிச்சு, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டுப் போனாரு. தள்ளுவண்டிக் காதர், நிறுத்திக் கேக்கறதே இல்லை, வாசல்ல நின்னு வரிசையா செவுத்தப் பாத்துட்டு, "அஞ்சுக்கு நாளைக்கு பீர்க்கங்காய், மூணுக்கு உருளை"ன்னு தானாவே எடுத்து வெச்சுட்டுப் போயிருவான்.

இதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு வீட்டு அடுப்படி வாசலுக்கு வந்துட்டா அப்பறம் அந்த வாசல்ல நிம்மதி இருக்குமாங்க? ஒரு வயசு வரைக்கும் சக்கரை போடாதீங்கன்னு நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கோமதி ஒரு சிட்டிகை போட்டிருக்கறா, செவுரு நெடுக எறும்பு வரிசை கட்டிருச்சு. "சாமி சத்தியமா போடலீங்க"ன்னு அவ நிக்கறா, எறும்பு அவளுக்குப் பின்னால ஏறிட்டே இருக்குது. இன்னொரு வீட்டுச் செவுத்துல உப்புப் பூத்துச்சு. ஷிப்டு முடிஞ்சு வர்ற ஆம்பளைங்க செருப்பக் கழட்டறதுக்கு முன்னால செவுத்தப் பாத்துட்டு, "ஏன் இன்னும் மாறலை, என்ன பண்ணிட்டிருந்தே?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. வீடு வீடாப் போய் எடை போட்டுட்டிருந்த நர்சம்மாவே, காம்பவுண்டு கேட்டுக்கிட்ட நின்னு செவுத்தப் பாத்துக் குறிச்சுட்டு, ரெண்டு சத்தம் போட்டுட்டு அடுத்த காம்பவுண்டுக்குப் போயிருவாங்க.

எங்கூட்டுச் செவுரு மட்டும் வெள்ளை.

நானு ரேணுகா, ஏழாம் நெம்பர். எனக்கு யாரு மேலயும் அவ்வளவு லேசுல நம்பிக்கை வராது, கூடவே பொறந்த கொணம். கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சு வந்தவ எம்பொண்ணு யுகாஷினி, யுகான்னு கூப்புடுவோம். அவளுக்குக் கண்ணு பட்டுரக் கூடாதுன்னு நான் செஞ்சதுல பாதிய மத்தவங்க நெனச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. ஊட்டறப்ப கதவைத் தாழ் போட்டு, சன்னலுக்குத் துணி கட்டி, அவள பின்செவுத்தப் பாக்க உக்கார வெச்சு, கிண்ணத்த முந்தானையில மூடி, மொதக் கைய மூணு சுத்துச் சுத்தி வெளிய போட்டுட்டுத்தான் வாயிக்குக் கொண்டு போவேன். பச்சக் கொழந்தை பாக்க வாயசைச்சா அது ஏங்கிப் போயிரும்னு எங்க சனத்துல சொல்லுவாங்க. மத்தவங்க சும்மா சொல்லுவாங்க, நான் செஞ்சேன். நானும் எங்கூட்டுக்காரரும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கறதுன்னாலும் கவுத்துல சீலை கட்டி அதுக்குப் பின்னால போய்த்தான் குடிப்போம்.

அவ ஒரு வாய் தின்னலீங்க. எட்டு மாசம். கேரட், உருளை, பீன்ஸ், மஞ்சப் பூசணி, எங்கூர்ல அரசாணிக்காய்ம்போம், அதுன்னு எதை மசிச்சுக் குடுத்தாலும் உதட்டை ஒட்ட வெச்ச மாதிரி மூடிக்குவா. கொஞ்சம் உள்ள போனாலும் நாக்காலயே வெளிய தள்ளிருவா. தாய்ப்பாலு மட்டுந்தான். அந்த மாசம் நர்சம்மா வெள்ளைச் செவுத்தப் பாத்துட்டு உள்ளயே வந்து தராசுல போட்டாங்க.

"அஞ்சே முக்கால். பத்தாது ரேணு. அடுத்த மாசம் ரெண்டாவது புதன்கெழம வருவேன், ஆறேகால் இருக்கோணும். இல்லீன்னா பெரியாஸ்பத்திரியில சேத்து மூக்குல டியூப் போட்டுத்தான் ஊட்டோணும், சொல்லிப்போட்டேன்."

அந்தச் சின்ன மூக்குல டியூப்பு. காம்பவுண்டுல என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாதா? "காய் வாங்கறா, ஆனா செவுரு வெள்ளை, அப்ப யாரு திங்கறாங்க?"ன்னு கோமதி கேட்டது கொழாத் தண்ணிச் சத்தத்தத் தாண்டி என்ற காதுக்கு வந்துச்சு. எங்கூட்டுக்காரர் சென்னியப்பன் ஒண்ணும் கேக்க மாட்டாரு. வருவாரு, செவுத்தப் பாப்பாரு, செருப்பைக் கழட்டுவாரு. கேட்டிருந்தாலாவது ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பேன்.

எனக்கு அடுத்தது எட்டாம் நெம்பர். அதுல வசுமதின்னு ஒருத்தி. மதுரைப் பக்கம். ரெண்டு மாசம் முன்னால, எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரத்துல சாமான் எறக்கிக் குடி வந்தவ. கொழந்தை குட்டி இல்லை. வீட்டுக்காரர் சூரத்துல வேலையா இருக்கறாருன்னா. கம்பெனித் துணி மூட்டைய வாங்கிட்டு வந்து உள்ளயே உக்காந்து பிசிறு வெட்டிக் குடுப்பா. கதவு எப்பவும் சாத்தியிருக்கும். கதவைச் சாத்தறவள நான் நம்ப மாட்டேன், ஏன்னா நானும் சாத்தறவதான்.

ஒரு செவ்வாக்கெழம காலையில அரசாணிக்காயை ஆவி கட்டி, வெண்ணெயாட்டம் மசிச்சு, யுகாவுக்குக் குடுத்தேன். ஒரு மணி நேரம் போராடியும் பூரா வெளிய வந்துருச்சு. கிண்ணத்தக் கழுவ வாசலுக்கு வந்தவ அப்படியே நின்னுட்டேன். எட்டாம் நெம்பர் செவுரு அடியில இருந்து ஓடு வரைக்கும் தளதளன்னு அரசாணி மஞ்சள்.

அடிப்பாவி.

கொழந்தையே இல்லாத வீட்டுச் செவுரு எப்படி மாறும்? காம்பவுண்டே கூடிருச்சு. எங்கயோ இருந்து புள்ளையத் தூக்கிட்டு வந்து ஒளிச்சு வெச்சிருக்கறான்னா ஒருத்தி. பெத்த புள்ளைய மறைச்சு வெச்சிருக்கறான்னா இன்னொருத்தி. "காத்துக் கருப்பு எதையாச்சும் கூப்புட்டு வெச்சு வளக்கறாளோ"ன்னு கோமதி இழுத்தா. அவங்கவங்க நெனச்சத அவங்கவங்க சொன்னாங்க. நான் எதுவும் சொல்லலை, ஏன்னா எனக்குத் தெரிஞ்சு போச்சு. என்ற அடுப்புல வெந்த காய், எம்பொண்ணு துப்புன காய், அந்த நெறம் எங்கூட்டுச் செவுத்துக்கு வர வேண்டியது, ஒரு செவுரு தள்ளிப் போயிருக்குது. எம்பொண்ணு பசிய இவ எடுத்துக்கிட்டா.

புதனும் மஞ்சள், வியாழனும் மஞ்சள். வெள்ளிக்கெழம காலையில பாத்தா கேரட். மூணு நாளைக்கு ஒரு காய். இது கொழந்தைக்குக் குடுக்கற கணக்குத்தான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அன்னைக்கு நான் யுகாவுக்கு மறுபடியும் அரசாணிதான் மசிச்சிருந்தேன். அவ உதட்டை இறுக்கி மூடிட்டு உக்காந்திருக்கறா. பக்கத்து வீட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வருது. கிண்ணத்துல கரண்டி தட்டற சத்தம். அப்பறம் வசுமதி கொரலு.

"ஆ காட்டு. என் ராசால்ல. இன்னும் ஒரு வாய். முழுங்கு, முழுங்கு... அம்புட்டுத்தேன்."

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திட்டு வந்துச்சு. புள்ளைய இடுப்புல தூக்குனேன். கையில இருந்த கிண்ணத்தக் கீழ வைக்கக்கூடத் தோணலை, அப்படியே வெளிய வந்து எட்டாம் நெம்பர் கதவை ஒதைச்சேன்னுதான் சொல்லோணும். எனக்குப் பின்னால சுகுணா, கோமதி, அவங்களுக்குப் பின்னால மிச்சப் பொம்பளைங்க. தாழ் பழசு. கதவு தொறந்துக்குச்சு.

உள்ள கொழந்தை இல்லை. நாற்காலியில ஒரு ஆளு. அம்பது வயசிருக்கும், நல்ல ஒசரம். சாஞ்சுராம இருக்க நெஞ்சைச் சுத்தி ஒரு சீலையால நாற்காலியோட கட்டி வெச்சிருந்துச்சு. கழுத்துல துண்டு. வாய் ஒரு பக்கமா இழுத்திருந்துச்சு, இழுத்த பக்கம் கேரட் ஒழுகிட்டு இருந்துச்சு. வசுமதி கரண்டி ஓரத்தால அதை வழிச்சு மறுபடியும் உள்ள தள்ளிட்டிருந்தா, நாம கொழந்தைக்குத் தள்ளுவமில்ல, அதே மாதிரி. எங்களப் பாத்ததும் அந்தாளு நல்லா இருக்கற கையால மொகத்த மூடிக்கிட்டாரு.

வசுமதி எந்திரிக்கலை. "பாத்துட்டீகளா? எல்லாரும் உள்ள வந்து நல்லாப் பாத்துக்கங்க. இதுக்குத்தேன் கதவைச் சாத்துனது."

கோமதி எட்டிப் பாத்த தலையப் பின்னால இழுத்துக்கிட்டா.

"எம் வீட்டுக்காரரு. அழகர்சாமி. ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு ஜவுளிக் கடைக்கெல்லாம் கூவிட்டு வருவாருல்ல, 'தாய்மார்களே'ன்னு, அது இவருதேன். பக்கவாதம் வந்து வாயும் போச்சு, முழுங்குறதும் போச்சு. மூணு மாசம் மூக்குக் கொழாயிலதேன் கஞ்சி. திங்கக்கெழம ராத்திரிதேன் டாக்டரு வந்து அதைக் கழட்டி விட்டாரு. கட்டியில்லாம மசிச்சு, நிமித்தி உக்கார வச்சு, கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கச் சொன்னாரு. எப்படி மசிக்கிறதுன்னு எனக்கு யாரு சொல்லுவா? நர்சம்மா வாசல்ல நின்னு உங்களுக்குச் சொல்றத நான் கதவுக்கு இங்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டேன். என்னைய இப்பிடி யாரும் பாக்கக் கூடாதுன்னு இவரு சாடையிலயே எங் கையப் புடிச்சு சத்தியம் வாங்கியிருந்தாரு. இன்னைக்கு அதுவும் போச்சு."

'தாய்மார்களே'ங்கற அந்தக் கொரலு எங்க எல்லாருக்கும் தெரியும். ஆடி மாசம் எங்க தெருவே அந்தக் கொரலுக்குத்தான் எட்டிப் பாக்கும். எனக்கு அவமானமாப் போச்சு, நெசமாச் சொல்றேன், அந்தத் தரை பொளந்தா உள்ள போயிருப்பேன். திரும்பிரலாம்னு காலை எடுத்தப்பத்தான் இடுப்புல இருந்த யுகா திமிறுனா.

அவ அந்தாளு கழுத்தைப் பாத்துட்டிருந்தா. வாயில மிச்சமிருந்த கேரட்டை அவரு கண்ண மூடிட்டு, தலையக் குனிஞ்சு, நெம்பக் கஷ்டப்பட்டு முழுங்குனாரு. தொண்டை மேல ஏறி எறங்குச்சு. யுகா கொரவளையும் ஏறி எறங்குச்சு. அவரு நாக்கால உதட்டைத் தடவுனாரு. அவளும் தடவுனா. அப்பறம் எட்டு மாசத்துல மொத தடவையா, யாரும் ஆ காட்டுன்னு சொல்லாம, எம்பொண்ணு வாயைத் தொறந்தா.

அட கடவுளே, இவ இது வரைக்கும் ஒருத்தர் சாப்பிட்டுப் பாத்ததே இல்லை! அவளப் பெத்தவ, அவ அப்பன், யாரு வாயும் அசைஞ்சு அவ பாக்கலை. காயை இத்தனை பக்குவமா மசிச்சவ, அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுங்கறத மட்டும் சீலைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்திருக்கறேன். கையில இருந்த கிண்ணத்துல இருந்து ஒரு கரண்டி அரசாணி எடுத்து வெச்சேன். உள்ள போச்சு. வெளிய வரலை.

அவரு மொகத்துல இருந்த கைய மெல்ல எறக்கிட்டு அவளப் பாத்தாரு. அவரும் வாயைத் தொறந்தாரு. வசுமதி அவருக்கு ஒரு வாய் வெச்சா, நான் இவளுக்கு ஒரு வாய் வெச்சேன். வெளிய வந்து பாத்தப்ப எட்டாம் நெம்பர் செவுத்துல பாதி கேரட்டும் பாதி அரசாணியுமா இருந்துச்சு. எங்கூடு அதே வெள்ளை. தின்ன எடத்துச் செவுருதான் மாறும்ங்கறது அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு.

அதுக்கப்பறம் தெனமும் ரெண்டு வேளை புள்ளையத் தூக்கிட்டு எட்டாம் நெம்பருக்குப் போயிருவேன். இங்க நாங்க உக்காந்து தின்னு காட்டியும் பாத்தோம். அவ சென்னியப்பன் வாயை வேடிக்கை பாப்பாளே ஒழிய தன் வாயைத் தொறக்க மாட்டா. நாங்க ரொம்ப லேசா தின்னோம் போல. அவளாட்டமே தடுமாறித் தின்னறவருகூடத்தான் அவளுக்குச் சோறு எறங்குச்சு. காம்பவுண்டு சும்மா இருக்குமா? "புள்ளைய அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டா"ன்னாங்க. "அந்தாளு நோவு கொழந்தைக்குத் தொத்தாதா?"ன்னாங்க. என்னையப் பாத்து மத்தவங்க சந்தேகப்படறது எனக்குப் புதுசு, உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருந்துச்சு. வசுமதி கதவை மட்டும் தொறக்கவே மாட்டா. அன்னைக்குப் பாத்ததோட போகட்டும், இனி ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டேன்னு அவரு தலைய ஆட்டிட்டாரு.

ரெண்டாவது புதன்கெழம நர்சம்மா வந்தாங்க. கேட்டுக்கிட்ட நின்னு பாத்தாங்க, ஏழாம் நெம்பர் வெள்ளை. ஆஸ்பத்திரிச் சீட்டை எழுதிக்கிட்டேதான் உள்ள வந்தாங்க.

"எடை போட்டுப் பாருங்க நர்சம்மா."

போட்டாங்க. ஆறு கிலோ நூறு கிராம்.

"நூத்தம்பது கொறையுது. ஏறுனதும் பாலுல ஏறுனதா இருக்கும். ஒரு மாசத்துல உன் செவுரு ஒரு நாள் மாறலை ரேணு, நான் எதை நம்பறது?"

"எட்டாம் நெம்பர்ல வெச்சுத் தின்னறாளுங்க, சத்தியமாத் தின்னறா."

"செவுத்துல எறும்பு ஏற ஏறச் சக்கரை போடலைன்னு சத்தியம் பண்ற காம்பவுண்டுதான இது? கொழந்தை இல்லாத வீட்டுச் செவுத்தக் காட்டி எங்கிட்டக் கதை உடாதே. கெளம்பு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

சுகுணா ஆமான்னு சொல்லுவான்னு பாத்தேன், அவ தரையப் பாத்தா. கோமதி எறும்புப் பேச்சு வந்ததும் உள்ள போயிட்டா. அந்தாளப் பாத்ததா சொன்னா அவரு மானம் போயிரும்னு நானும் வாயத் தொறக்கலை. வெளியாளுங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னு வசுமதிக்கு வாக்குக் குடுத்திருந்தேன். யுகாவ நெஞ்சோட அணைச்சுட்டு வாசல்ல நின்னு அழுதேன். எட்டு வீட்டுச் சனமும் பாக்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன், வேற என்னங்க பண்றது?

எட்டாம் நெம்பர் கதவு தொறந்துச்சு.

அழகர்சாமி வந்தாரு. ஒரு கை வசுமதி தோள் மேல, ஒரு காலை இழுத்து இழுத்து, பட்டப் பகல்ல, கழுத்துல அந்தத் துண்டோட. பத்தடி வர்றதுக்குப் பத்து நிமிசமாச்சு. வந்தவரு எங்கூட்டு வாசப்படிக்கு நேரா நின்னு நர்சம்மாவப் பாத்தாரு. வாய் கோணிக்குச்சு, எச்சி ஒழுகுச்சு, ஒரு தடவை முடியலை, ரெண்டாந்தடவை வந்துச்சு.

"டீ... யூப்பு... வே... ணாம்."

நாலு மாசத்துல அவரு பேசுன மொதப் பேச்சு அதுதான்னு வசுமதி அழுதுட்டே சொன்னா.

நான் உள்ள ஓடி நாற்காலியக் கொண்டாந்து போட்டேன், எங்கூட்டுக்குள்ள, வாசப்படியில இருந்து ரெண்டடி தள்ளி, கதவைப் பாத்த மாதிரி. கதவை அகலத் தொறந்து உட்டேன், சன்னல்ல கட்டியிருந்த துணியப் புடுங்கிப் போட்டேன். காலையில மசிச்ச அரசாணி இருந்துச்சு. ரெண்டு கிண்ணத்துல போட்டு, ஒண்ணு வசுமதி கையில, ஒண்ணு என்ற கையில. யுகாவ அவருக்கு எதுத்தாப்புல உக்கார வெச்சேன். வாசல்ல நர்சம்மா, சுகுணா, திரும்பி வந்த கோமதி, தள்ளுவண்டியோட காதர், வாடகை வாங்க வந்த ஓனரு, எத்தனை கண்ணுன்னு எண்ணப் போனேன், பாதியிலயே உட்டுட்டேன். கிண்ணத்த முந்தானையில மூடலை. சுத்தியும் போடலை.

அத்தனை பேரு முன்னாலயும் அவரு வாயைத் தொறந்தாரு. பாதி உள்ள போச்சு, பாதி ஒழுகுச்சு, யாரும் சிரிக்கலை. தலையக் குனிஞ்சு முழுங்குனாரு. யுகா அவரு தொண்டையவே பாத்தா, அப்பறம் என்னையப் பாத்து ஆன்னா. வெச்சேன். முழுங்கிட்டா. அடுத்தது அவரு. அடுத்தது இவ. நர்சம்மா கையில இருந்த சீட்டு நாலா மடிஞ்சு, எட்டா மடிஞ்சு, அவங்க பைக்குள்ள போயிருச்சு.

"ரேணுக்கா, செவுரு! உங்கூட்டுச் செவுத்தப் பாருங்க!"ன்னு கோமதி கத்துனா. எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க, ஓனரு நகத்தால சொரண்டி நாக்குல வெச்சுப் பாத்தாரு. நான் திரும்பலை. எம்பொண்ணு வாயைத்தான் பாத்துட்டிருந்தேன், அது அடுத்த வாய்க்குத் தொறந்திருந்துச்சு.